நெல்லிக்காய்ப் பின்னலும் என் இரண்டு விரல்களும்

ஐம்பதுகளின் நடுவில், கிருஷ்ணகிரி அணைக்கு லாரி லாரியாகக் கல் போய்க்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. பழையபேட்டையில் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அண்ணனும் நானும் மாட்டுத் தரகர்கள். குந்தாரப்பள்ளி வாரச் சந்தையில் எங்களைத் தெரியாத ஆள் இல்லை என்று நானே சொன்னால் பீற்றிக்கொள்வதாகிவிடும். ஆள் என்ன, மாட்டுக்கே உங்களைத் தெரியும் என்று என் மனைவி கேலி செய்வாள்.

மாட்டு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்லமாட்டோம். தரகனும் மாட்டுக்காரரும் வலது கையோடு வலது கை கோத்துக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வோம். எந்த விரல், எத்தனை விரல், எப்படி அழுத்துகிறோம் என்பதுதான் விலை. வாய் தன்பாட்டுக்கு "பல்லைப் பாருங்க, சுழியைப் பாருங்க" என்று பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மாலூர்ப் பக்கத்துக்காரர் கன்னடம் பேசுவார், வேப்பனப்பள்ளிக்காரர் தெலுங்கு பேசுவார், நாங்கள் தமிழ். துண்டுக்கு அடியில் எல்லாருக்கும் ஒரே பாஷை. அந்தப் பாஷையில் நான் கெட்டிக்காரன். வாயால் பேசினால் எனக்குக் கொஞ்சம் திக்கும், விரலால் பேசினால் திக்காது.

அப்படிப்பட்ட வலது கைக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு காளையைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது, பிடிகயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்தேன். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது என்று மாட்டோடு பழகிய எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அணைக்குப் போகிற லாரி ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடித்தது. காளை பிய்த்துக்கொண்டு ஓடியது. கயிறு என் நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து இறுக்கி, என்னைக் கொஞ்ச தூரம் தரையில் இழுத்துக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். கட்டுப் பிரித்தபோது விரல்கள் இருந்தன, ஆனால் இரண்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. மடங்கவில்லை, தொட்டால் தெரியவும் இல்லை. நரம்பு திரும்பினாலும் திரும்பும், விரல்களுக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இரு, துணியைப் பந்தாக உருட்டிப் பிசை என்றார் டாக்டர். இரண்டு நாள் பிசைந்தேன். மூன்றாம் நாள் பந்தைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டேன். பொறுமைக்கும் எனக்கும் அப்போது ஆகாது.

அதைவிடப் பெரிய அவசரம் ஒன்று பண்ணினேன். அண்ணன் தடுத்தும் கேட்காமல் சந்தைக்குப் போனேன். மாலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாட்டுக்காரரின் கையைத் துண்டுக்கு அடியில் பிடித்தேன். நான்கு விரலையும் அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். அவருக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டு விரல்தான். பாதி விலைக்குக் கேட்கிறான் என்று அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. துண்டை உருவி எறிந்துவிட்டு, அரைகுறைத் தமிழில் கத்தினார்.

"மாடு விக்க வந்தேனா, தோலு விக்க வந்தேனா நானு? கேலி பண்றியா?"

நடுச்சந்தையில் துண்டை உருவுவது என்பது கன்னத்தில் அடிப்பதற்குச் சமம். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அண்ணன் ஓடிவந்து அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். வண்டியில் திரும்பி வரும்போது ஊர் எல்லைவரை மாட்டை விரட்டியே ஓட்டினார். பிறகு சொன்னார்.

"நீ இனிமே துண்டுக்குள்ள கைய வுடாதடா. தை பொறக்கட்டும். ஓசூர்ல உன் மச்சான் மளிகைக் கடைக்கு ஆள் வேணும்னு கேட்டுக்கினு இருக்காரு. அங்க போய் உக்காரு. நெழல் வேலை."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். எனக்கு வாயில் மண்ணைப் போட்ட மாதிரி இருந்தது. சந்தை இல்லாமல் நான் என்ன ஆள்? பருப்பு நிறுத்துக்கொண்டு, ஈ ஓட்டிக்கொண்டு, மச்சான் தயவில் உட்கார்ந்திருக்கும் ஆள். அன்று முதல் வீட்டில் நான் பேசுவதெல்லாம் எரிந்து விழுவதாகவே இருந்தது. சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தால் அதற்கும் ஒரு குறை சொன்னேன்.

என் மனைவிக்கு ஓசூர்தான் தாய்வீடு. அங்கே போவதென்றால் அவளுக்குக் கசக்குமா? ஆனால் ஓசூர்ப் பேச்சை எடுத்தாலே அவள் முகம் கொடுக்கமாட்டாள். அவள் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். என்னோடு தமிழில் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் தெலுங்குக்கு மாறிவிடுவாள். அந்த மாதங்களில் நான் கேட்ட தெலுங்குக்கு அளவில்லை.

அப்போது அவள் பக்கத்து வீட்டு அக்காவிடம் குரோஷா பின்னல் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த அக்காவின் வீட்டுக்காரர் தோல் வியாபாரி, பெங்களூருக்கும் ஆம்பூருக்கும் போய்வருபவர். அக்கா பெங்களூரில் வளர்ந்தவர், அங்கேயே இந்த வேலையைக் கற்றவர். கோஷா பழக்கம் உள்ள குடும்பம் என்பதால் நான் அவர் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் இருந்த சுவருக்கு மேலே வளையல் போட்ட ஒரு கை வரும், ஒரு குரல் வரும். அவ்வளவுதான்.

என் மனைவிக்குச் சாதாரணப் பின்னல் வந்துவிட்டது. அடுத்து அக்கா சொல்லிக்கொடுத்தது நெல்லிக்காய்ப் பின்னல். ஒரே கண்ணுக்குள் ஊசியைத் திரும்பத் திரும்ப விட்டு நூலை இழுத்து, எதையும் முடிக்காமல் ஊசியிலேயே வைத்துக்கொண்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் சேர்த்து முடிக்க வேண்டும். துணியின் மேல் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு குமிழ் புடைத்துக்கொண்டு நிற்கும். தொட்டால் மெத்தென்று இருக்கும். ஒரு காய் சிவப்பு, அடுத்தது மஞ்சள், அடுத்தது பச்சை என்று மாறி மாறி வர வேண்டும். டிரங்குப் பெட்டி மேல் விரிக்க அப்படி ஒரு விரிப்பு பின்ன வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

சிக்கல் எங்கே வந்ததென்றால் நூலில். மூன்று உல்லன் உருண்டைகளும் தரையில் உருண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பின்னுகிற நேரத்தைவிடச் சிக்கெடுக்கிற நேரம் அதிகம். ஒரு மத்தியானம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தாள்.

"சும்மாத்தான உக்காந்திருக்கீங்க? அந்தக் கைய நீட்டுங்க."

"எதுக்கு?"

"ஆணிக்குப் பதிலா."

நீட்டிக்கொண்டு நின்ற என் விரல்களுக்கு நடுவே நூல்களை ஒவ்வொன்றாக விட்டாள். சுட்டுவிரலில் சிவப்பு, நடுவிரலில் மஞ்சள், மோதிர விரலில் பச்சை. நான் சுவரில் அடித்த ஆணியாக உட்கார்ந்தேன். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் உப்பைப் பற்றி அன்று காலையில் பேசிய பேச்சுக்கு அதுவாவது செய்யலாம் என்று இருந்துவிட்டேன்.

அவள் பின்னிக்கொண்டே போனாள். கொஞ்ச நேரம் கழித்து மோதிர விரலின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போல ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தேன். எறும்பு இல்லை. பச்சை நூல் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்து, நிறுத்து. பச்சைய இன்னொரு தரம் இழு."

இழுத்தாள். மறுபடியும் அந்த எறும்பு.

"நான் கண்ண மூடிக்கிறேன். ஏதாவது ஒண்ண இழு. எதுன்னு நான் சொல்றன்."

இழுத்தாள். மஞ்சள் என்றேன். இல்லை, சிவப்பு. மறுபடி இழுத்தாள். சிவப்பு என்றேன், அதுவும் தப்பு. மூன்றாவது முறை பச்சை என்றேன். கண்ணைத் திறந்தால் அவள் பச்சை நூலைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு பேரும் அழுததில் நூல் மறுபடி சிக்கிக்கொண்டது தனிக்கதை.

அன்றைக்கே அந்தப் பின்னலை எனக்குச் சொல்லிக்கொடு என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். வலது கையில் ஊசி நிற்காததால், ஊசி இடது கைக்குப் போனது, நூல்கள் வலது கைக்கு. அவள் வலது கையில் ஊசி பிடித்து எதிரே உட்கார்ந்தபோது, கண்ணாடியில் என்னையே பார்ப்பது போல இருந்தது. அதனால் எனக்குப் பாதி வேலை சுலபமாயிற்று. மீதிப் பாதிதான் உயிரை வாங்கியது.

சங்கிலி போடவே ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. இடது கையில் ஊசி வழுக்கும், கண் தப்பும், போட்டதெல்லாம் ஒரு இழுப்பில் உருவிக்கொண்டு வரும். ஊசியை வீசுவேன். அவள் எடுத்து வந்து மறுபடி கையில் வைப்பாள். "செப்பிதே வினரு" என்பாள், சொன்னால் கேட்பதே இல்லை என்று. ஒருவழியாக என் முதல் நெல்லிக்காய் உருவானது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எலி கடிச்ச கத்திரிக்காய் மாதிரி இருக்குது. பரவால்ல, காய்தான்."

அதைச் சுவருக்கு மேலே நீட்டினாள். பின்னியது யார் என்று சொல்லவேண்டாம் என்று நான் ஜாடை காட்டியும் சொல்லிவிட்டாள். வளையல் போட்ட கை அதை வாங்கிக்கொண்டது. பிறகு அக்காவின் குரல் வந்தது.

"தங்கச்சி, காய் எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருக்கு பாரு. மூணு நூலையும் சுட்டுவிரல்லயே வாங்கிக்கிறாரு உன் வீட்டுக்காரரு. அப்படிப் பின்னினா விரிப்பு வரும், விரல் வராது. நிறத்துக்கு ஒரு விரல்னு சொல்லு. எந்த நிறம் வேணுமோ அந்த விரல் மட்டும் நிமிரணும், மத்தது நூலை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அடங்கியிருக்கணும்."

என்னைப் பார்க்காமலேயே என் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்துவிட்டார். உண்மைதான். வராத விரல்களை விட்டுவிட்டு, வருகிற விரலை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னபடி மாற்றியதும் ஒரு காய் பின்ன அரை மத்தியானம் ஆனது. பச்சை வேண்டுமென்றால் நடுவிரல் மடங்கி மஞ்சள் நூலை அழுத்திப் பிடிக்க வேண்டும். அது மடங்காது. இடது கையால் மடக்கிவிடுவேன், நிமிர்ந்துகொள்ளும். மறுபடி மடக்குவேன். நெற்றியில் வியர்வை வழியும். மாட்டைப் படுத்த இடத்திலிருந்து எழுப்புவதுகூட அத்தனை பாடில்லை. ஆனால் ஒவ்வொரு வரிசை முடியும்போதும், நேற்று வராத ஏதோ ஒன்று இன்று கொஞ்சம் வந்திருக்கும். ஒரு நாள் பச்சை நூல் நழுவப்போன சமயம், நான் நினைப்பதற்கு முன்பே மோதிர விரல் மடங்கி அதைப் பிடித்துக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தெருவில் போய்ச் சொல்லலாமா என்றிருந்தது. சொல்லவில்லை. மாட்டுத் தரகன் கதவைச் சாத்திக்கொண்டு பூப்பின்னல் போடுகிறான் என்று தெரிந்தால் சந்தையில் தலைகாட்ட முடியுமா?

ஆனால் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. திடீரென்று உள்ளே வந்தவர் முன்னால், மடியில் உல்லன் உருண்டையோடு உட்கார்ந்திருந்தேன். பாய்க்கு அடியில் தள்ளினேன். விரலில் நூல் இருந்ததால் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அது என் கையோடு வெளியே வந்தது.

"இது என்னாடா கோலம்?"

என் மனைவிதான், கதவோரம் நின்றபடி, முதல் நாள் எறும்பு ஊர்ந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் ஒன்று சொன்னாள். "ஓசூருக்குப் போனா எங்கம்மா வீடு பக்கம்தாங்க மாமா. எனக்குச் சந்தோசம்தான். ஆனா இவரு அங்க சிரிக்கமாட்டாரு."

அண்ணன் என்னையே பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்தார். நூல் சுற்றிய என் கை மேல் போட்டார். அடியில் கையை விட்டு விரல்களைப் பிடித்தார். ஒரு விலை சொன்னார், அழுத்தி. எனக்குப் புரிந்தது. இரண்டு விரலிலும் புரிந்தது. நான் பதில் விலை அழுத்தினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் தலையைச் சாய்த்து, தூரத்துச் சத்தம் கேட்பவர் போல நின்றார்.

"கேக்குதுடா," என்றார். "கெணத்துக்குள்ள இருந்து கூப்பிடற மாதிரி இருக்குது. ஆனா கேக்குது."

என் அண்ணன் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான். உடனே சமாளித்துக்கொண்டு, "பின்னு. எவன் என்னா சொன்னா என்னா. ஓசூர்க் கதைய அப்புறம் பாத்துக்கலாம். தாழ்ப்பாள மட்டும் நல்லாப் போட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விரிப்பு முடிகிற தறுவாயில் தை போய், மாசியும் போய்விட்டது. அதன்பிறகு ஒரு சந்தையில் அண்ணன் என்னை முன்னால் தள்ளினார். எதிரே ஒரு ஜோடி எருதோடு நின்றவர், என் கை மேலிருந்து துண்டை உருவி எறிந்த அதே மாலூர்க்காரர். நான் தயங்கிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அவரும் தயங்கினார். பிறகு மரியாதைக்குக் கையை நீட்டினார். துண்டு விழுந்தது. நான்கு விரலையும் அழுத்தினேன். தனித்தனியாக, நிறுத்தி, ஒவ்வொன்றாக.

அவர் சட்டென்று நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். துண்டுக்கு அடியில் அவர் கை என் மோதிர விரலை விலைக்காக இல்லாமல் சும்மா ஒருமுறை தொட்டுப் பார்த்தது. "பெரளு பந்தா?" என்றார். விரல் வந்துவிட்டதா என்று கேட்கிறார். பேரம் சுமுகமாக முடிந்தது. அத்தோடு போயிருக்கலாம். ஆனால் அவர் விடவில்லை.

"என்னா மருந்து போட்டே?"

சுற்றிலும் ஆட்கள். ஏதோ தைலம் தேய்த்தேன் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அண்ணன்கூடக் கண்ணால் அதையே சொன்னார். அந்த நேரத்தில் என் மனைவி எத்தனை முறை குனிந்து அந்த ஊசியைத் தரையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் என்பது ஞாபகம் வந்தது. அதைத் தைலத்தின் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

"மருந்தில்லீங்க. எங்க வீட்டுல குரோஷா பின்னச் சொல்லிக் குடுத்தாங்க. நெல்லிக்காய்ப் பின்னலு. மூணு நெறத்துல."

நான் எதிர்பார்த்தபடியே சந்தை சிரித்தது. அடுத்த தடவை சேலை கட்டிக்கொண்டு வா என்றான் ஒருத்தன். தலையில் பூ எப்போது வைத்துக்கொள்வாய் என்றான் இன்னொருத்தன். திக்கித் திக்கி நானும் ஏதோ பதில் சொல்லிச் சிரித்தேன். சிரிக்காதவர் அந்த மாலூர்க்காரர் ஒருவர்தான். கூட்டம் கலைந்ததும் என்னை ஓரமாக அழைத்துப் போனார். அவர் சம்சாரத்துக்கு வெல்லம் காய்ச்சும்போது கொதிக்கிற பாகு வலது கையில் கொட்டிவிட்டதாம். புண் ஆறிவிட்டது, விரல் மடங்குவதில்லை. ராகி முத்தை என்கிற களி உருண்டையை உருட்ட முடியவில்லை. மருமகள்தான் உருட்டிப் போடுகிறாள். அதிலிருந்து அந்த அம்மா யாரோடும் சரியாகப் பேசுவதே இல்லை என்றார். சொல்லும்போது அவர் எருதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எப்பிடின்னு காட்டு," என்றார்.

நூலுக்கு எங்கே போவது? கீழே கிடந்த ஒரு பழைய கயிற்றின் புரியைப் பிரித்தேன். அவர் விரல்களுக்கு நடுவே ஒவ்வொரு இழையாக விட்டேன். இதை நிமிர்த்துங்க, அதை அழுத்திக்குங்க, வராத விரலை விட்டுட்டு ஒப்பேத்தக் கூடாது என்று அக்கா சொன்னதையெல்லாம் சொன்னேன். ஊசி பிடிக்கிற விதத்தைக் குச்சியை வைத்துக் காட்டினேன். சாணியும் புழுதியுமான அந்த இடத்தில், மீசை வைத்த இரண்டு ஆம்பிள்ளைகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கயிற்று இழையில் பின்னல் பழகியதைப் பார்த்து, அண்ணன் அந்தப் பக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் வெகுநாள் கண்ணில் படவில்லை. மழைக்காலம் முடிந்து ஒரு சந்தையில் வந்தார். மாடு எதுவும் கொண்டுவரவில்லை. நேரே என்னிடம் வந்து, ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி, மேலே துண்டைப் போட்டார். மாடில்லாமல் என்ன விலை பேசப்போகிறார் என்று நானும் கையைக் கொடுத்தேன். அவர் விரல் எதையும் அழுத்தவில்லை. என் உள்ளங்கையில் உருண்டையாக, சொரசொரப்பாக ஏதோ ஒன்றை வைத்து, என் விரல்களை மடக்கி மூடினார். வெளியே எடுத்துப் பார்த்தேன். கோணி நூலுக்கு மஞ்சளும் குங்குமமும் ஏற்றிப் பின்னிய இரண்டு நெல்லிக்காய்கள். என்னுடைய முதல் காயைவிட மோசமாக, ஒன்று ஒரு பக்கமும் இன்னொன்று மறுபக்கமும் சாய்ந்திருந்தன.

"நேத்து அவளே முத்தை உருட்டினா," என்றார். நான் அந்தக் காய்களைத் துண்டின் முனையில் முடிந்துகொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய் அதை மனைவியிடம் கொடுத்தேன். அவள் நேராகச் சுவருக்குப் போனாள். வளையல் போட்ட கை வாங்கிக்கொண்டது. அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

ஓசூர்க் கடையில் நான் கடைசிவரை உட்காரவில்லை. வயதாகிக் கால் தளரும்வரை சந்தையில்தான் இருந்தேன். அன்று கூட்டத்துக்குப் பயந்து தைலம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மாலூர்ப் பக்கத்தில் ஓர் அம்மா இன்னொருத்தி உருட்டிய முத்தையைத் தின்றுகொண்டு மூலையிலேயே இருந்திருப்பார் என்று நினைக்கும்போது இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது. கை வரவில்லை, விரல் வரவில்லை என்று யாராவது சொன்னால், என் விரல் எப்படி வந்தது என்ற கதையை வெட்கமில்லாமல் முழுக்கச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டில் நூல் இருக்கிறதா என்றுதான் இன்றைக்கும் கேட்கிறேன்.